கூடைக்கு அடியில் இரண்டு பேர்

ஏணி அக்காவுக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். முன்பக்கம் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரி, இரண்டு நாற்காலி, முகம் பார்த்துக்கொள்ள ஒரு கைக்கண்ணாடி. வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து, "இது போட்டா வயசான மாதிரி தெரியறேனா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா இருப்பது பின்னறையில். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமின் அளவுக்குக் கொண்டுவரும் மெஷின் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்ப்பதால் மேஜை, விரல், முழங்கை எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு சேறு. தேய்த்ததைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஃபிரேமுக்குள் அழுத்திப் பொருத்துவாள். நாள் முழுக்க அவள் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதுதான் அந்த வேலையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

மேஜை உயரம் அவளுக்குப் பத்தாது. சேர்ந்த புதிதில் முழங்கால் மேஜையின் அடியில் இடித்து இடித்துக் காய்த்துப்போனதைப் பார்த்த முதலாளி, தச்சரை வரவழைத்து நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார். "மேஜைக்கு ஹீல்ஸ் போட்டாச்சும்மா, இனிமேலாவது நிமிர்ந்து உட்காரு" என்றாராம். ஆனால் அக்காவுக்கு நிமிர வராது. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்ததில், தோளைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி நடக்கப் பழகியிருந்தாள். ஏணி என்ற பெயரும் பள்ளிக்கூடத்தில் வைத்ததுதான். அது கூடவே வந்துவிட்டது.

அவள் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். என் உயரம்தான் இருப்பார், அதாவது குட்டை. கல்யாணப் போட்டோவில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். "ரெண்டு பேரும் ஒரே ஃபிரேமுக்குள்ள வரணும்ல, வேற என்ன பண்றது?" என்பார். வாய் கிண்டல் பண்ணுமே தவிர, அக்கா என்றால் அவருக்கு உயிர். ஒரே மகள். எட்டாவது படிக்கும்போதே அப்பாவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள்.

நான் ரொட்டிக் கடை கவுண்டரில் நிற்கிறவள். எங்களைச் சேர்த்தது பாஸ்கெட்பால். வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் நடக்கும். எங்கள் டீமில் நர்சரி டீச்சர் ஒருத்தி, டெலிபோன் கம்பெனியில் ஒருத்தி, இப்படி எல்லோரும் கலந்து. கோச் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். இளவயதில் நன்றாக ஆடினவர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் கோர்ட்டும் ரோடும் ஒன்றாகிவிடும். "ஏம்மா, சிக்னல் போடாம திரும்பறே?" என்று என்னைத் திட்டாத ஞாயிறு கிடையாது.

டீமில் உயரமான ஆள் ஏணி அக்கா மட்டும்தான். அதனால் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு வந்தால் எங்கள் திட்டம் ரொம்ப எளிது. நாங்கள் நாலு குட்டைகளும் வெளியே நின்று தடுப்போம். எங்களைத் தாண்டிவிட்டால் கூடைக்கு அடியில் அக்கா இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். தாண்டாத நாள் ஏது? நான் ஏமாந்தால் அக்கா முன்னால் வர வேண்டும். அவள் முன்னால் வந்த நொடியில் அவள் முதுகுக்குப் பின்னால் இடம் காலி. பந்து அவள் தலைக்கு மேலே அங்கே போய்ச் சேரும், சுலபமாகக் கூடையில் விழும். வராமல் நின்றாலோ, ஏமாற்றி வந்தவள் நிம்மதியாகப் போட்டுவிட்டுப் போவாள். தாவித் தடுக்கப் போய் கை பட்டால் ஃபவுல். பாதி ஆட்டத்திலேயே அக்காவின் ஐந்து ஃபவுல் கணக்கு தீர்ந்து அவள் வெளியே போய் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் என்ன, எங்கள் கூடை திறந்த வீடு.

தப்பு எங்களுடையது, பழி அவளுடையது. பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்குக் கடைசியாக நின்றவள்தானே தெரிவாள். "இவ்வளவு உயரம் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று காது படவே சொல்வார்கள். அக்கா தன் மூக்குக்கண்ணாடியின் எலாஸ்டிக் பட்டையைச் சரி பண்ணிக்கொண்டு நடந்து வருவாள்.

இப்படிப் பல வருஷம் போன பிறகுதான் டேங்கர் வந்தாள்.

தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். பெரிய வண்டி ஓட்ட அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே மாஸ்டர்தான். ஏணி அக்காவைவிட நாலு விரல் குறைவு, அகலத்தில் ஒன்றரை மடங்கு. குரல் அதைவிடப் பெரிசு. முதல் நாள் கோர்ட்டுக்குள் வந்ததும், "எங்க நிக்கணும், யாரை இடிக்கணும், சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஏணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பயிற்சி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என்னிடம் மெதுவாக, "இனிமே நான் எதுக்குடி? நாற்பது வயசாகப் போகுது. அவளே நிக்கட்டும், நான் போட்டோவுக்கு வந்து நிக்கறேன்" என்றாள்.

ஆனால் மாஸ்டர் மனதில் வேறு இருந்தது. அடுத்த ஆட்டத்தில் இரண்டு பேரையும் ஒன்றாக இறக்கினார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் டீமில் இன்றைக்கும் யாரும் அதிகம் பேசுவதில்லை. கூடைக்கு அடியில் நல்ல கூட்டம்தான், அதில் சந்தேகமில்லை. உள்ளே வந்தவர்கள் திரும்பிப் போக வழி தெரியாமல் முழித்தார்கள். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் எங்கள் கைக்குத்தான் வந்தது. ஆனால் எதிர் டீம் மடையர்கள் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே அவர்கள் உள்ளே வருவதை நிறுத்தினார்கள். தங்கள் உயரமான பெண்ணை வெளியே, எறிந்து போட்டால் மூன்று பாயிண்ட் கிடைக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது டேங்கர். டேங்கர் வெளியே ஓடினால், அந்தப் பெண் ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் புகுந்துவிடுவாள். அவ்வளவு பெரிய உடம்பைத் திருப்பிக்கொண்டு டேங்கர் வருவதற்குள் கதை முடிந்திருக்கும். ஓடாமல் நின்றாலோ, அந்தப் பெண் சாவகாசமாக அங்கிருந்தே எறிந்தாள். விழுந்தது. திரும்ப எறிந்தாள். திரும்ப விழுந்தது.

போதாததற்கு ஒரே பந்துக்கு இரண்டு பேரும் ஓடினார்கள். ஒரு தடவை ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் கூடை போடத் தவறி எதிராளி பந்தோடு திரும்பி ஓடும்போதெல்லாம், எங்கள் பெரியவர்கள் இரண்டு பேரும் அந்தக் கோடியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு லாரியை ஒரே சந்துல எதிரும் புதிருமா விட்ட மாதிரி ஆயிடுச்சு. யார் ரிவர்ஸ் எடுக்கறதுன்னு உங்களுக்கே தெரியல."

"நான் எதுக்கு மாஸ்டர் ரிவர்ஸ் எடுக்கணும்?" என்றாள் டேங்கர்.

"அதான்மா பிரச்சனையே. யாராவது ஒருத்தர் பேசித் தொலைங்களேன்!"

அதிலிருந்துதான் வழி கிடைத்தது. யாருக்கு யார் என்று ஆளைப் பிரித்துக் கொடுப்பதை மாஸ்டர் விட்டுவிட்டார். பந்துக்கு யார் கிட்ட இருக்கிறாரோ அவர் மேலே போகணும், அதாவது பந்து வைத்திருப்பவளை மறிக்க முன்னால் போகணும், மற்றவர் கூடைக்கு அடியில் நிற்கணும். போகிறவர் "மேலே!" என்று கத்தணும். நிற்கிறவர் "பின்னாடி இருக்கேன்!" என்று கத்தணும். கத்தாதவர் அடுத்த ஆட்டத்தில் வெளியே. நாங்கள் கூடை போட முயலும்போதும் அப்படித்தான், இரண்டு பேரில் ஒருத்தர் பந்துக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே திரும்பி ஓடிவிட வேண்டும்.

வெளியே நிற்கும் எங்களுக்கும் வேலை மாறியது. "இது அவங்க ரெண்டு பேரைப் பத்தின விஷயம்னு நினைக்காதீங்க. உங்க மூணு பேரைப் பத்தினது" என்றார் மாஸ்டர். "இத்தனை நாள் தாண்டிடுவாளோன்னு பயந்து பின்னாலயே நின்னீங்க. இப்ப உங்களுக்குப் பின்னால ஒண்ணுக்கு ரெண்டு பேர். தூரத்துல இருந்து எறியறவ மூஞ்சிக்கு நேரா போய் நில்லுங்க. தாண்டினா தாண்டட்டும்."

எனக்கு அது புது உலகமாக இருந்தது. எதிராளியின் கைக்குள்ளே புகுந்து நின்றேன். தாண்டினாள். கவலையில்லை, "மேலே!" என்று டேங்கர் வந்து நின்றாள். அவள் தலைக்கு மேல் பந்தைத் தூக்கி உள்ளே போட்டார்கள். அங்கே ஏணி அக்காவின் கை இருந்தது.

ஆனால் அக்காவின் சத்தம்தான் வரவில்லை. நின்றாள், சரியாக நின்றாள், வாய் மட்டும் திறக்கவில்லை. பின்னால் ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் டேங்கர் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏணிக்கா, நான் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் சத்தம் கொடுக்கலன்னா சுவத்துல இடிச்சிடுவேன். நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"இருக்கேனே" என்றாள் அக்கா, வீட்டில் பேசுகிற குரலில்.

"இது உன் மெஷினுக்குக்கூடக் கேக்காதுக்கா!"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பின்னாடி இருக்கேன்!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், பக்கத்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கத்தும்போது அவள் முதுகு நேராகியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவ்வளவு உயரமா இவள் என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம். எல்லாம் இல்லை. ரொம்ப வேகமான டீம்கள் வந்தால் அப்போதும் திணறுவோம். ஆனால் எங்கள் கூடைக்கு அடியில் வந்து சும்மா போட்டுவிட்டுப் போகிற காலம் முடிந்தது. அக்கா ஃபவுல் வாங்கி வெளியே உட்காருவதும் நின்றது. ஒரு ஞாயிறு, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள், "இத்தனை வருஷமா தனியா நின்னப்ப பயமா இருந்துச்சுன்னு இப்பதான்டி தெரியுது" என்றாள். அவள் அவ்வளவு பேசினதே பெரிசு.

அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அதற்கு முந்தைய வாரம் பயிற்சியில்தான் அது நடந்தது.

மாஸ்டர் இரண்டு பேரையும் கூடைக்கு முன்னால் பக்கம் பக்கமாக நிற்கவைத்து, கையை விரித்து எவ்வளவு இடத்தை அடைக்கிறார்கள் என்று பார்த்தார். விரல் நுனியோடு விரல் நுனி தொட வேண்டும். டேங்கர் கையை விரித்தாள். அக்கா விரித்தாள். அக்காவின் கை போய்க்கொண்டே இருந்தது. "யம்மாடி, இது கையா, லெவல் கிராசிங் கேட்டா?" என்றார் மாஸ்டர்.

டேங்கர் சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏணிக்கா, கட்டைவிரலை உள்ள வச்சு கையை மூடு."

அக்கா மூடினாள். கட்டைவிரலின் நுனி, மூடிய கைக்கு அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் விளையாட்டாக மூடிப் பார்த்தோம். யாருக்கும் அப்படி வரவில்லை.

"இன்னொரு கையோட மணிக்கட்டைப் பிடி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதா?"

ஏறியது. நன்றாகவே ஏறியது.

"கண்ணாடி எப்ப இருந்து போடறே?"

"ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் கொஞ்சம் இடம் மாறி இருக்குன்னு டாக்டர் சொல்வாரு. ஏன்?"

"உங்க அப்பா அம்மால யாரு உயரம்?"

"அப்பா. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாரு. நெஞ்சு வலின்னு சொன்னாங்க."

டேங்கர் கையை விட்டுவிட்டு நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவ்வளவு சத்தமான ஆள் சத்தமில்லாமல் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எங்களுக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. பிறகு சொன்னாள். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தானாம். வாலிபால் ஆடுவான். இதே மாதிரி கை, இதே மாதிரி விரல், சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. உடம்பையே நீளமாக வளர்க்கிற ஒரு பிறவிக் கோளாறு அது, கண்ணையும் ரத்தக்குழாயையும் பலவீனமாக்கும், முன்னாலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர்கள் அப்புறம் சொன்னார்களாம். குடும்பத்தில் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். டேங்கருக்கு ஒன்றுமில்லை. அவள் உயரம் வெறும் உயரம்தான்.

"எல்லா உயரமான ஆளுக்கும் இருக்கும்னு சொல்லல. உனக்கு இல்லாமயே இருக்கலாம். ஆனா நீ போய் ஸ்கேன் எடுக்காம நான் உன் பக்கத்துல நின்னு ஆட மாட்டேன்" என்றாள்.

"என்னம்மா இது, இப்பதான் வண்டி டாப் கியருக்கு வந்துச்சு" என்று ஆரம்பித்த மாஸ்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். ஏணி அக்கா பக்கம் திரும்பி, "பார்த்துட்டு வாம்மா. அதுவரைக்கும் கோர்ட்டுக்குள்ள கால் வைக்காதே" என்றார்.

அக்கா அவ்வளவு சுலபமாகப் போகிறவளா? பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பிள்ளைகள் கண்ணாடி குவிந்து கிடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். வீட்டுக்காரரிடம் சொல்லவேயில்லை. எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்பதுதான் பதில். உண்மையில் பயம். அவள் பயந்தால் வேலைக்குள் போய் ஒளிந்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

டேங்கருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடிக் கடை வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. ஹாரன் சத்தத்தில் அலமாரி அதிர்ந்ததாம். முதலாளி ஓடி வந்து, "யாரும்மா தண்ணி கேட்டது? நாங்க சொல்லவே இல்லையே" என்றார்.

"தண்ணி இறக்க வரலைங்க. ஆள் ஏத்த வந்தேன். பின்னறையில ஏணி ஒண்ணு இருக்காமே?"

விஷயத்தைக் கேட்ட முதலாளி, ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தன் கையாலேயே நிறுத்தினார். "நீ போம்மா. பிள்ளைங்க ரெண்டு நாள் மங்கலா பார்த்தா ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லி, அக்காவின் பையைத் தானே எடுத்து வந்து கையில் கொடுத்தார். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினதும் அவர்தான்.

போகிற வழியெல்லாம் டேங்கர் லாரியின் குறைகளைப் பற்றியே பேசினாளாம். கிளட்ச் இழுக்கிறது, கண்ணாடித் துடைப்பான் வேலை செய்வதில்லை, இப்படி. நோயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "அதுக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்டி" என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அதற்குள் வீட்டுக்காரர் ஸ்டூடியோவைப் பூட்டாமலேயே ஓடி வந்திருந்தார். ரத்தக்குழாய் இதயத்திலிருந்து புறப்படும் இடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. "பாஸ்கெட்பால் ஆடறீங்களா? நெஞ்சுல இடி வாங்கிக்கிட்டு, குதிச்சுக்கிட்டு?" என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்டாராம். "இது இவ்வளவு நாள் தாங்கினதே பெரிய விஷயம். இன்னிக்கு நீங்க நடந்து வந்தது உங்க நல்ல நேரம்."

உடனே மாத்திரை. கூடிய சீக்கிரம் ஆபரேஷன். இனி இந்த ஜென்மத்தில் போட்டி ஆட்டம் கிடையாது.

அக்கா அழவில்லையாம். "என் பொண்ணு?" என்று கேட்டாளாம். பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். டேங்கர் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். "நிஜமாவே தூக்கினா. குழந்தையைத் தூக்கற மாதிரி" என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், இப்போது.

மகளுக்கும் இருந்தது. ஆனால் ஆரம்ப நிலை. ரத்தக்குழாய் லேசாகத்தான் விரிந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், எல்லாம் பண்ணலாம், மூர்க்கமான விளையாட்டு மட்டும் வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண் அடுத்த வருஷம் பள்ளிக்கூட டீமில் சேரப் பெயர் கொடுத்திருந்தாள். அன்றைக்கு ஒரு மூச்சு அழுதுவிட்டு, அப்பாவின் கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாளாம்.

அரையிறுதியை ஏணி அக்கா இல்லாமல் ஆடினோம். டேங்கர் உயிரைக் கொடுத்து ஆடினாள். ஆனால் அவள் மேலே போகும்போதெல்லாம் பின்னால் இடம் காலி. அந்த இடத்தில் என்னைத்தான் மாஸ்டர் நிற்கச் சொன்னார். "பின்னாடி இருக்கேன்!" என்று நானும் கத்தினேன். இருந்தேன்தான், ஆனால் என் தலைக்கு மேலே பந்து போவதும் வருவதும் வானத்தில் பறவை போகிற மாதிரி இருந்தது. இரண்டாவது ஆள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவள் இல்லாத அன்றைக்குத்தான் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது. நாங்கள் வெளியே துணிந்து போகவில்லை, பயந்து பயந்து பின்வாங்கினோம். எதிராளிகள் உள்ளேயும் போட்டார்கள், வெளியே இருந்தும் போட்டார்கள். நன்றாகவே தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் யாரும் ஸ்கோர் போர்டைப் பார்க்கவில்லை. போனை எடுத்து அக்கா வீட்டுக்குத்தான் பேசினோம்.

"தோத்துட்டோம்க்கா."

"அப்படியா?" என்றாள். பிறகு, "ஓடிப்போய்த் திரும்பி வந்தீங்களா, இல்ல அந்தக் கோடியிலயே நின்னீங்களா?" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அடுத்த வாரம் நடந்தது. உப்பிய பாகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவளைச் சாயங்காலம்தான் பார்க்க முடிந்தது. வெளியே பெஞ்சில் டீம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து, "நீங்கல்லாம் யாரு, சொந்தக்காரங்களா?" என்று கேட்டதற்கு டேங்கர், "ஆமா, எல்லாம் அக்கா தங்கச்சி" என்றாள். என்னையும் டேங்கரையும் மாறி மாறிப் பார்த்த நர்ஸ், சரி என்று போய்விட்டார்.

முழுசாகத் தேற மாதக்கணக்கில் ஆனது. முதலாளி வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். திரும்பிப் போன பிறகு அக்கா முதல் வேலையாக ஒரு கறுப்புக் கண்ணாடி செய்தாள். எதிர்வெயில் கூசாமல் லாரி ஓட்டுவதற்கு. டேங்கரின் முகம் அகலம் என்பதால் எந்த ஃபிரேமும் காதைக் கடிக்கும். அதற்காக இரண்டு பக்கக் கம்பியையும் சூடு காட்டி வளைத்து, லென்ஸைத் தானே தேய்த்துப் பொருத்தினாள். கொடுக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

டேங்கர் அதைப் போட்டுக்கொண்டு லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். "சினிமாக்காரி மாதிரி இருக்கேன்ல? விடுக்கா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நன்றியை எனக்குச் சொல்லவும் கூடாது, எங்கண்ணனுக்குத்தான் சொல்லணும். அவன் விஷயம் தெரியலன்னா உன் கையைப் பார்த்து நானும் சேர்ந்துதான் சிரிச்சிருப்பேன்."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அப்ப உங்க அம்மாவைப் பார்க்கணும்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, வீட்டுக்காரர், மகள், நான், நாலு பேரும் போனோம். இரண்டு அறை வீடு. டேங்கரின் அம்மா வீட்டில் உட்கார்ந்து துணிப்பைகள் தைக்கிறவர். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் அண்ணனின் போட்டோ. வலைக்கு மேலே ஒரு கை மட்டும் நீளமாக எழும்பி நிற்கிற போட்டோ. அந்த அம்மாவுக்கு முன்னால் அக்கா போய் நின்றாள். அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். பிறகு அக்கா மகளின் கையையும் வாங்கிப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள் அக்கா.

"எனக்கு எதுக்குக் கண்ணு நன்றி?" என்றார் அவர். "அவன் போனது எதுக்குன்னே தெரியாம இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். இதுக்குத்தான்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல மனசு வரல. ஆனா உங்க ரெண்டு பேரையும் பார்க்க நல்லா இருக்கு. உட்காருங்க, டீ போடறேன்."

டீ குடித்தோம். வீட்டுக்காரர் அனுமதி கேட்டுக்கொண்டு சுவரில் இருந்த போட்டோவைக் கீழே இறக்கினார். மூலையில் ஈரம் ஏறி மங்க ஆரம்பித்திருந்தது. ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் புதிதாகப் பிரிண்ட் போட்டு, நல்ல சட்டத்துக்குள் வைத்து அடுத்த வாரமே கொண்டுவந்து மாட்டினார். அந்த வேலையை மகள்தான் செய்தாளாம், அவர் பக்கத்தில் நின்றதோடு சரி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கோர்ட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். டேங்கரோடு கூடைக்கு அடியில் நிற்க நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு உயரமான பெண் வந்திருக்கிறாள். வந்த அன்றைக்கே அவளை ஸ்கேன் எடுக்க அனுப்பிவிட்டோம், ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் பந்தைக் கையில் கொடுத்தார் மாஸ்டர். இரண்டு பேரில் யாராவது ஒருத்தி கத்த மறந்தால் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், நடுவரே திரும்பிப் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் அக்காவும் டேங்கரும் தண்ணீர் லாரியில் ஏறி அந்த அம்மா வீட்டுக்குப் போவார்கள். சில நாள் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். நடுவில் உட்கார்ந்தால் எனக்கு ரோடே தெரியாது, ஆனால் போகிற வழி முழுக்க இரண்டு பேரும் எனக்கு மேலே பேசிக்கொண்டே வருவார்கள். அதில் பாதிப் பேச்சு இப்போது ஏணி அக்காவுடையது.